பின் போடாத டை ராடு

ஐப்பசி மாதம். மழை விட்டு ஒரு வாரம் ஆகி, மண் உழவுக்குப் பதமாக இருந்த நேரம். ராசிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அடுத்த தோட்டத்துக்கு ரோட்டவேட்டர் ஓட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு விவசாயி தன் புது டிராக்டரில் ஏரிக்கரை வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார். இடது மட்கார்டில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் மாட்டுக்கு அறுத்த புல் கட்டு. கரைக்கு வலப்பக்கம் ஏரித் தண்ணீர். இடப்பக்கம் பத்தடிச் சரிவு. அதற்குக் கீழே நெல் வயல்.

வண்டி மெதுவாகத்தான் வந்தது. கரை வலப்பக்கமாக வளைகிற இடத்தில் அவர் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். வலது முன்சக்கரம் திரும்பியது. இடது சக்கரம் திரும்பவில்லை. அது தன் போக்கில் வெளிப்பக்கம் ஒடிந்துகொண்டு நின்றது. பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டியின் முகம் சரிவில் இறங்கி, ஒரு பனை மரத்தில் மோதி நின்றுவிட்டது. மட்கார்டில் இருந்தவர் தூக்கி வீசப்பட்டு வரப்பில் விழுந்தார். அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. ஓட்டியவருக்கு நெற்றியில் ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

"அந்தப் பனை மட்டும் இல்லீன்னா ரெண்டு பேரும் வண்டிக்கு அடியிலதான் கெடந்திருப்பீங்க" என்று அன்றிரவு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுபவர் உயிருக்கே ஆபத்து என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வண்டி வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆவணியில் முகூர்த்த நாள் பார்த்து எடுத்தது. விலை 8 லட்சத்துக்குச் சற்று மேல். கையிலிருந்து 2 லட்சம். மீதி, நாலு ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய வங்கிக் கடன். ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. மணி மீட்டரில் 112 மணி நேரம் காட்டியது. 50 மணி நேர இலவச சர்வீஸையும் விற்ற டீலரிடமே முடித்திருந்தார்.

ஓட்டைக்குள் பெயின்ட்

மறுநாள் காலையில் ஊர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். இடது சக்கரத்தின் டை ராடு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

டிராக்டரின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகத் திரும்புவதற்கு டை ராடு என்ற இரும்புத் தண்டுதான் காரணம். அதன் முனையில் குமிழ் போன்ற ஒரு மூட்டு உண்டு. மூட்டின் திருகு, சக்கரத்தோடு சேர்ந்த இரும்புக் கைக்குள் நுழைந்து நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அந்த நட்டின் தலை, கோட்டைச் சுவரின் மேல்பகுதி போல வெட்டு வெட்டாக இருக்கும். திருகில் குறுக்கே ஒரு சின்ன ஓட்டை. வெட்டையும் ஓட்டையையும் நேராக வைத்து, காட்டர் பின் என்கிற இரட்டைக் கால் கம்பியைச் செருகி, கால்களை விரித்து மடக்கிவிட வேண்டும். பிறகு எவ்வளவு அதிர்ந்தாலும் நட்டு தானாகக் கழலாது. சில ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிற பின் அது.

மெக்கானிக் திருகைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தார். "ஏனுங்க, இங்க பாருங்க. ஓட்டைக்குள்ள பெயின்ட் உறைஞ்சு கெடக்குது. பின் போட்டிருந்தா பெயின்ட் எப்படி உள்ளார போகும்? இதுல பின்னே போடலீங்க" என்றார்.

பின் இருந்து உடைந்திருந்தால் ஒரு துண்டாவது உள்ளே மாட்டியிருக்கும். பெயின்ட் அடித்த பிறகு செருகியிருந்தால் பெயின்ட் பிய்ந்திருக்கும். இரண்டுமே இல்லை. நட்டை விரலால் இறுக்கிய மாதிரி வைத்து, அதன் மேலேயே பெயின்ட் அடித்து, அப்படியே விற்பனைக்கு வந்திருக்கிறது. 112 மணி நேரம் அது அதிர்ந்து அதிர்ந்து, ஒவ்வொரு மரையாகக் கழன்று, ஏரிக்கரையில் விழுந்திருக்கிறது.

சேலத்தில் கல்லூரியில் படிக்கிற மகள் அன்று வீட்டில் இருந்தாள். அவளும் மெக்கானிக்கின் பையனும் கரையில் வந்த வழியே நடந்து தேடினார்கள். மரம் இருந்த இடத்திலிருந்து முப்பதடி பின்னால், சேற்றில் பாதி புதைந்து அந்த நட்டு கிடந்தது. அதன் வெட்டுகளில் பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

அந்த நட்டு கிடைத்திராவிட்டால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"டிரைவர் மிஸ்டேக்"

டீலர் கடைக்குப் போன் செய்ததும் மதியமே சர்வீஸ் மேலாளர் வந்துவிட்டார். சுற்றிப் பார்த்தார். "பள்ளத்துல எறக்கி ஓட்டியிருக்கீங்க, மோதின வேகத்துல கழன்டிருக்கு. டிரைவர் மிஸ்டேக். எதுக்கும் வண்டியைக் கம்பெனிக்குக் கட்டி இழுத்துட்டுப் போறோம், பார்த்துச் சொல்றோம்" என்றார். பின்னாலேயே இழுவை வண்டியும் வந்து நின்றது.

அவர் சம்மதித்துவிடும் நிலையில்தான் இருந்தார். மனைவிக்கு ஆபரேஷன். காட்டில் மரவள்ளிக்குக் களை எடுக்க ஆள் சொல்லியிருந்தது. வண்டி சரியாகி வந்தால் போதும் என்று இருந்தது. மகள்தான், "அப்பா, கொஞ்சம் பொறுங்க. பெரிய மெக்கானிக்குகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றாள். அவள் சொன்னது வேளாண் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளரை. சோலார் பம்ப்செட் விஷயமாக இரண்டு முறை அவரைப் பார்த்த பழக்கம்.

பொறியாளர் போனில் சொன்னது நாலே விஷயம். வண்டியை நகர்த்துவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். மணி மீட்டரும் சேஸிஸ் எண்ணும் தெரிய வேண்டும். கழன்ற டை ராடு முனையையும் நட்டையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒரு டப்பாவில் போட்டு ஒட்டி, ஊர்க்காரர் இரண்டு பேரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும்படி கேளுங்கள். டீலர் வண்டியை எடுத்துப் போனால், என்ன நிலையில் எடுக்கிறார் என்று எழுதி வாங்காமல் விடாதீர்கள்.

மூன்றாவது விஷயத்தில்தான் அவருக்குக் கால் பின்வாங்கியது. டிராக்டரில் ஓட்டுநரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. மட்கார்டு உட்காரும் இடம் அல்ல. வண்டியோடு தந்த கையேட்டில் படம் போட்டே எச்சரித்திருக்கிறார்கள். காவல் நிலையத்துக்குப் போனால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். "அவ நடந்து வந்தான்னு சொல்லிரலாமா?" என்று மகளிடம் கேட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த மனைவிதான் பதில் சொன்னார். "நடந்து வந்தவளுக்கு எப்படிங்க தோள் ஒடியும்? ஒரு பொய்யச் சொன்னா, நாம சொல்ற நெசத்தையும் நம்ப மாட்டாங்க. நான் உக்காந்தது தப்புதான். எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். அபராதமும் கட்டினார். ஆனால் அந்த மனுவால்தான் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்தார். இடது டை ராடு இணைப்பு விட்டுப்போயிருக்கிறது, காட்டர் பின் இல்லை என்று அவருடைய அறிக்கையில் ஒரு வரி வந்தது. ஊர் மெக்கானிக் சொன்னதையே அரசாங்க முத்திரையோடு சொன்ன வரி அது.

இருபத்தைந்தாயிரம் ரூபாய்க் காகிதம்

ஆபரேஷன் முடிந்து பத்தாவது நாள், விற்பனைப் பிரிவுக்காரர் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். வண்டியை இலவசமாகவே சரிசெய்து தருகிறோம், வைத்தியச் செலவுக்கு 25,000 ரூபாய் தருகிறோம், நம்ம வாடிக்கையாளர் என்பதற்காக என்றார். கூடவே ஒரு காகிதத்தையும் நீட்டினார். வண்டியில் எந்தக் குறையும் இருந்ததில்லை, விபத்து என் கவனக்குறைவால் நேர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்தது.

வைத்தியச் செலவு அதுவரை 64,000 ரூபாய். கையில் இருந்ததோடு நகையும் போயிருந்தது. வண்டி பனை மரத்தடியிலிருந்து எடுக்கப்பட்டு வீட்டு வாசலில் நின்றது. அடுத்தவர் டிராக்டரை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குப் பிடித்துத்தான் தன் காட்டையே உழ வேண்டியிருந்தது. தவணைத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த 25,000 அவருக்குச் சின்னத் தொகை இல்லை.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதே மாசம் இதே வண்டி எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?"

"ஒரு பதினாலு பதினஞ்சு இருக்கும். எதுக்குங்க?"

"அதுல எல்லாம் பின் இருக்குதுங்களா?"

வந்தவரிடம் பதில் இல்லை. "பார்த்துக்குவோம்ங்க" என்றார். விவசாயி காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழக்கூடையை வைத்துக்கொண்டார், வீட்டுக்கு வந்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று.

பல விவசாயிகள் தோற்பது இந்த இடத்தில்தான். பம்ப்செட்டோ பவர் டில்லரோ மருந்து தெளிப்பானோ, குறையுள்ள பொருளை விற்றவர் முதலில் கொடுப்பது பணமாக இருக்கும். கேட்பது கையெழுத்தாக இருக்கும். இலவசமாகச் சரிசெய்து தருவது வாரன்டியில் ஏற்கெனவே எழுதப்பட்ட கடமை. அதற்காகத் தனியாக எதையும் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

கேட்ட கேள்வி, வந்த காகிதம்

மகள் தமிழில் ஒரு கடிதம் எழுதினாள். ஒன்றரைப் பக்கம். திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. வாங்கிய தேதி, சேஸிஸ் எண், 50 மணி சர்வீஸ் தேதி, விபத்து நடந்த விதம், அம்மா மட்கார்டில் உட்கார்ந்திருந்தது, ஆய்வாளர் அறிக்கை என்று வரிசையாக. கடைசியில் மூன்று கேள்விகள். வண்டியை எங்களிடம் ஒப்படைக்கும் முன் சோதித்தவர் யார்? அந்தச் சோதனைப் படிவத்தின் நகல் எங்கே? 50 மணி சர்வீஸில் ஸ்டீயரிங் இணைப்புகளைச் சோதித்தவர் யார்? கடிதம் டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் போனது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்து புகாரைப் பதிவு செய்தார்கள்.

டீலரிடமிருந்து பதில் இல்லை. தயாரிப்பு நிறுவனத்திலிருந்து ஒரு மாதம் கழித்து ஓர் உறை வந்தது. வண்டி எங்கள் ஆலையிலிருந்து சரியான நிலையில்தான் போனது, டீலர் சோதித்த பிறகே ஒப்படைக்கப்பட்டது என்று சொல்வதற்காக, டீலர் நிரப்பி அனுப்பிய படிவத்தின் நகலையே அவர்கள் இணைத்திருந்தார்கள். அதில் முப்பதுக்கு மேற்பட்ட கட்டங்கள். "ஸ்டீயரிங் இணைப்புகள், பின்கள்" என்பது அவற்றில் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக டிக் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு. பேனாவைக்கூட எடுக்காமல் இழுத்த கோடு.

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுவனம் அனுப்பிய அந்தக் காகிதம் டீலரின் கையைக் கட்டிப்போட்டது. கேட்காமல் இருந்திருந்தால் அது வந்திருக்காது.

ஆணையத்தில்

தை மாதம், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் பதிவானது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். டீலரின் ஊருக்கோ நிறுவனத்தின் ஊருக்கோ அலைய வேண்டியதில்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். இவர் கட்டியது அந்த 200 ரூபாய்தான்.

வக்கீல் செலவைத்தான் அவர் நினைத்துப் பயந்தார். அடிபட்டது மனைவி என்பதால் அதற்கும் ஒரு வழி இருந்தது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் பெண்களுக்கு, வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து புகார்தாரர்கள் ஆனார்கள். வக்கீல் அங்கிருந்து வந்தார்.

டீலர் தரப்பு மூன்று வாதங்களை வைத்தது.

முதலாவது, இந்த டிராக்டர் மற்றவர் காட்டுக்கும் வாடகைக்கு ஓடுகிறது, ஆகவே இது வியாபார நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை என்பது. சட்டத்திலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிய பொருள் வியாபார நோக்கத்தில் சேராது. வண்டியை ஓட்டுவது அவரேதான். கூலிக்கு டிரைவர் வைத்து நாலு வண்டி ஓட்டுகிறவர் இல்லை. அதற்கு உழவுக் கணக்கு நோட்டைக் காட்டினார். தேதி, யார் காடு, எத்தனை மணி நேரம் என்று எல்லாம் அவர் கையெழுத்தில்.

இரண்டாவது, குறை இருந்தால் அது தயாரித்தவரின் குறை, விற்றவர் என்ன செய்வார் என்பது. தயாரித்தவர் பொறுப்பு ஒன்று, விற்றவர் பொறுப்பு வேறு. பொருளை இணைப்பதிலோ சோதிப்பதிலோ பராமரிப்பதிலோ விற்பவர் போதிய கவனம் காட்டவில்லை என்றால், அதனால் வந்த பாதிப்புக்கு அவரும் பொறுப்பு என்று அதே சட்டம் சொல்கிறது. மேலிருந்து கீழ்வரை இழுத்த அந்த ஒரே கோட்டை வக்கீல் எடுத்துக் காட்டினார்.

மூன்றாவது வாதம்தான் அவரை உறுத்தியது. மட்கார்டில் ஆள் ஏற்றியது பொருளைத் தவறாகப் பயன்படுத்தியது. அப்படிச் செய்தவர் விற்றவர் மீது இழப்பீடு கேட்க முடியாது. தவறாகப் பயன்படுத்திய பொருளுக்கு விற்றவரைக் கேட்க முடியாது என்பதும் சட்டத்தில் உள்ளதுதான். அன்று ஆணையத்தில் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

வக்கீல் இதற்கும் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். அந்த அம்மா உட்கார்ந்தது தவறு. அதை அவர்களே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, அபராதமும் கட்டியிருக்கிறார்கள். ஆனால் மட்கார்டில் ஒருவர் உட்கார்ந்ததால் முன்சக்கரத்தின் நட்டு கழலுமா? அன்று அவர் உட்காராமல் இருந்தாலும் வண்டி அதே இடத்தில் சரிவில் இறங்கியிருக்கும். அவர்கள் செய்த தவறு காயத்தை அதிகமாக்கியிருக்கலாம். விபத்தைக் கொண்டுவந்தது பின் போடாத நட்டு. இழப்பீட்டில் எவ்வளவு குறைப்பது என்று பேசலாம், பொறுப்பே இல்லை என்று பேச முடியாது.

பிறகு ஒட்டிய டப்பா திறக்கப்பட்டது. நட்டும் டை ராடு முனையும் மேசைக்கு வந்தன. ஓட்டைக்குள் இருந்த பெயின்ட்டைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பலாமே என்று ஆணையத் தலைவர் இரு தரப்பையும் கேட்டார். சோதனைக்கு அனுப்புங்கள் என்று இவர் உடனே சொன்னார். டீலர் தரப்பு அவகாசம் கேட்டது.

டீலர் நேரில் வந்த நாள்

அடுத்த வாய்தாவில் டீலரின் முதலாளியே வந்தார். அதுவரை அவரை யாரும் பார்த்ததில்லை. அறுபது வயதைத் தாண்டியவர். அவரும் ஒரு காலத்தில் விவசாயம் பார்த்தவர்தான். சமரசத்துக்கு இரு தரப்பும் சம்மதித்ததால் விவகாரம் சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டது.

அந்த அறையில் முதலாளி நட்டைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க பையன் பார்க்காமலே கோடு இழுத்திருக்கான். சீசன் நேரத்துல ஒரே நாள்ல ஆறு வண்டி டெலிவரி" என்றார். சாக்குச் சொல்கிற மாதிரி ஆரம்பித்தவர், பிறகு விவசாயியின் மனைவியைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். ஏழு மாதமாக அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

இவர்கள் கேட்டது 3 லட்சம். முடிந்தது 1,60,000 ரூபாய்க்கு. அதில் ஆஸ்பத்திரிச் செலவு முழுதும் வந்தது. வண்டி ஓடாத நாட்களுக்கும் கடன் வட்டிக்கும் கேட்டதில் பாதிதான். மட்கார்டு விஷயத்துக்காக ஒரு பங்கு குறைக்கப்பட்டது. அதை அவர் மறுக்கவில்லை. ஸ்டீயரிங் இணைப்புகள் மொத்தமும் புதிதாக மாற்றி, எழுதி, கையெழுத்திட்டுக் கொடுக்கப்பட்டன.

பணத்தைப் பேசி முடித்த பிறகு, அவர் இன்னொன்று கேட்டார். அந்த சீசனில் விற்ற எல்லா வண்டிகளையும் வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சோதிக்க வேண்டும். சோதித்த விவரத்தைத் தனக்கு எழுதிக் காட்ட வேண்டும். "அது உங்களுக்கு எதுக்குங்க?" என்று டீலர் தரப்பு வக்கீல் கேட்டார். "அவங்க கரையில பனை மரம் இருக்குதோ இல்லியோ" என்றார் இவர். முதலாளி சரி என்றார். அதையும் ஒப்பந்தத்தில் எழுதினார்கள்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு தாள் வந்தது. பதினான்கு வண்டிகள். பதின்மூன்றில் எல்லாம் சரி. ஒன்றில் பின் செருகியிருந்தது, ஆனால் கால்கள் மடக்கப்படவில்லை. இன்னும் சில நாளில் உருவி விழுந்திருக்கும். அந்த வண்டிக்காரர் பரமத்தி வேலூர் பக்கம். அவருக்கு இவரைத் தெரியாது.

காலையில் ஒரு நிமிடம்

புது டிராக்டர் எடுப்பவர்கள் பெரும்பாலும் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதோடு இன்னொரு வேலையும் செய்யலாம். ஒப்படைப்புச் சோதனைப் படிவத்தைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள ஒவ்வொன்றையும் மெக்கானிக்கைக் காட்டச் சொல்லலாம். ஸ்டீயரிங் இணைப்புகளில் பின் இருக்கிறதா, கால் மடங்கியிருக்கிறதா. சக்கர நட்டுகள் இறுகியிருக்கின்றனவா. இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்க்கிற கொக்கி விழுகிறதா. அரை மணி நேரம் ஆகும். சர்வீஸுக்கு விடும்போதும், என்ன செய்தார்கள் என்ற காகிதம் இல்லாமல் வண்டியை எடுக்க வேண்டாம். நாளைக்கு ஒன்று நடந்தால் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

அவருடைய வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. கடனில் ஒரு தவணை தள்ளிப்போனதை அடுத்த மரவள்ளி வெட்டில் கட்டிவிட்டார். அவர் மனைவிக்கு எலும்பு கூடிவிட்டது. ஆனால் புல் கட்டைத் தலைக்குத் தூக்குவது பழையபடி வரவில்லை. கை தோளுக்கு மேலே போகும்போது வலிக்கிறது. மட்கார்டில் இப்போது யாரும் ஏறுவதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருநாள் ஏறப் போனபோது, வண்டியை நிறுத்திவிட்டு அவரை இறக்கிவிட்டே கிளம்பினார். அவர் ஒரு வாரம் பேசவில்லை.

காலையில் ஆயில், தண்ணீர் பார்க்கும்போது, அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கிறார். திண்ணையில் பால் பாத்திரத்தோடு நிற்கிற மனைவி கேட்பார்:

"பின் இருக்குதுங்களா?"

"இருக்குது, இருக்குது" என்பார். அதற்குப் பிறகுதான் சாவியைப் போடுவார்.